பண்டப் பெயர்களும் மக்கள் நாவும்

நாமக்கல் மாவட்டத்திலே, காரவள்ளி என்னும் அடிவாரத்தினின்று கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் 70 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. அவற்றைக் கடந்து மேலே சென்றால் செம்மேடு, சோளக்காடு முதலிய ஊர்களிற் சிறு கடைகள் பல காணலாம். சாமையும் மிளகும் காப்பிக்கொட்டையும் அன்னாசியும் பலாவும் மலையினின்று கீழே இறங்க, சவர்க்காரமும் தேயிலையும் பற்பசையும் மருந்துப் புட்டிகளும் கீழேயிருந்து மேலே ஏறுகின்றன. பண்டம் ஏறும்போது அதன் பெயரும் உடன் ஏறுகின்றது. பண்டம் பொட்டலத்தில் இருந்தபடியே வந்து சேர்கிறது. பெயரோ அவ்வாறு சேர்வதில்லை. ஹார்லிக்ஸ் 'ஆர்லிக்ஸ்' ஆகிறது. ஹமாம் 'அமாம்' ஆகிறது. கோல்கேட் 'கோல்கேட்டு' ஆகிறது. பெட்ரோமாக்ஸ் 'பெட்ரமாஸ்' ஆகிறது. இஃது அம்மலைக்கு மட்டும் உரிய வழக்கன்று. சேலத்திலும் மதுரையிலும், கடல் கடந்து யாழ்ப்பாணத்திலும், தமிழ் வழங்கும் இடமெல்லாம் பெயர்கள் இவ்வாறே உருமாறுகின்றன.

இப்பெயர்களைப் பிறர் திரித்துக் கூறக் கேட்டுக் கற்றோர் நகைப்பது உலக வழக்கு. விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர், கடை முன்னே நின்று தம் பாட்டியாரின் வாய்ச்சொல்லைத் திருத்துவதையும், அம்முதியவர் நாணித் தலை குனிவதையும் நாம் கண்டிருக்கின்றோம். திருத்துதற்கு முன் ஆராய வேண்டுவன சில உள. பெயர் திரிதலெல்லாம் ஒரு தன்மையவல்ல. நாவினால் திரிவது ஒன்று. கருத்தினால் திரிவது மற்றொன்று. நினைவினால் மயங்குவது மூன்றாவது. முதலாவது பிழையே அன்று. இரண்டாவது பெரும்பாலும் தீங்கற்ற பிழை. மூன்றாவதோ சிற்சில வேளைகளில் உயிர்க்கே கேடு சூழ்வது. இம்மூன்றையும் முறையே நோக்குவோம்.

ஒவ்வொரு மொழிக்கும் அதற்கென்று அமைந்த ஒலி ஒழுங்கு ஒன்றுண்டு. இன்ன எழுத்துச் சொல்லுக்கு முதலில் வரும், இன்ன எழுத்து ஈற்றில் நிற்கும், இன்ன இரண்டு மெய்கள் தம்முள் மயங்கும் என்பவற்றைத் தொல்காப்பியரும், அவர்க்குப் பின்னர் நன்னூலாராகிய பவணந்தி முனிவரும் விரித்துரைத்தனர். அவர்கள் விதி வகுத்து மக்களை அவ்வாறு பேசச் செய்தார்களல்லர். மக்கள் நா இயல்பாக இயங்கும் நெறியைக் கண்டு எழுதி வைத்தார்கள். நன்னூலை ஒருநாளும் தொட்டறியாத மூதாட்டியின் நாவிலும் அந்நெறியே ஆட்சி புரிகின்றது.

தமிழ் எழுத்து வரிசையில் ஹகர ஒலி இல்லை. ஆதலின் ஹார்லிக்ஸ் என்பதன் முதலெழுத்து ஆகாரமாய் நிற்கின்றது. வல்லின மெய் தனித்துச் சொல்லின் ஈற்றில் நில்லாது. ஆதலின் கோல்கேட் என்பதன் இறுதியில் ஓர் உகரம் வந்து தாங்குகிறது. சுக்கு, பாட்டு, கயிறு முதலிய சொற்களின் ஈற்றில் நிற்கும் அதே குற்றியலுகரந்தான் பற்பசைக் குழாயின் பெயரிலும் வந்து நிற்கின்றது. மெய்கள் இரண்டு கூடிச் சொல்லைத் தொடங்கா. ஆதலின் ஸ்டவ் என்னும் அடுப்பு 'இஸ்டவ்' ஆகிறது. ஃபகர ஒலியும் நமக்கு இயல்பன்று. ஆதலின் சர்ஃப் என்பது 'சர்ப்பு' ஆகிறது. ககரமும் ஸகரமும் பெயரின் கடைசியில் நெருங்கி நிற்கும்போது ஒன்று வீழ, மற்றொன்று நிற்கிறது. பெட்ரமாஸ் பிறந்தவாறு இதுவே.

பிறமொழிச் சொல் தமிழில் வந்து புகுங்கால் தன் எழுத்தை நீக்கித் தமிழெழுத்தை ஏற்று வரல் வேண்டும் என்று தொல்காப்பியர் எச்சவியலில் வடசொற்களைக் குறித்து உரைத்தார். அந்நெறியிலன்றோ லக்ஷ்மணன் கம்பர் வாக்கில் இலக்குவன் ஆனான், விபீஷணன் வீடணன் ஆனான்! திருமறையைத் தமிழில் பெயர்த்தோரும் அவ்வாறே செய்தனர். கிரேக்கத்தில் பெத்ரொஸ் என நின்ற பெயர் தமிழில் பேதுரு என நின்றது. யாக்கோபு, யோவான் என்பனவும் இவ்வகையினவே. இலக்குவன் என்பதைப் போற்றிப் படித்து, பேதுரு என்பதை ஆலயத்தில் பயபக்தியுடன் கேட்டு, 'ஆர்லிக்ஸ்' என்பதற்கு மட்டும் நகைப்பது என்ன நியாயம்? ஒரு சொல் நூலேறிய பின் அதன் திரிபை இலக்கணம் என்கிறோம். கடை வாசலில் நிற்கும்போது அதே திரிபை அறியாமை என்கிறோம்.

இனி, பிற நாட்டார் மட்டும் பெயர்களை வந்தவாறே வழங்குகின்றனரோ என்று பார்ப்போம். சுவிட்சர்லாந்தில் பெர்ன் நகரத்து வாண்டர் என்பார் 1904-ல் விற்பனைக்குக் கொணர்ந்த ஊட்டப் பானத்தின் பெயர் ஓவோமால்ட்டைன். முட்டையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லும் முளைதானியத்தைக் குறிக்கும் சொல்லும் சேர்ந்தமைந்தது. அஃது 1909-ல் இங்கிலாந்தை அடைந்தபோது நடுவில் ஓர் அசை இழந்து ஓவல்டின் ஆயிற்று. பெயரைப் பதிவு செய்த விண்ணப்பத்தில் நேர்ந்த எழுத்துப் பிழையே அதற்குக் காரணம் எனச் சொல்லப்படுகிறது. நாம் சரியான பெயரென்று கற்று வழங்குவதே பிறிதொரு நாட்டாரின் திரிபு! நெஸ்லே என்னும் பெயரை ஆங்கில மக்கள் நெடுங்காலம் 'நெசில்ஸ்' என்றே வழங்கினர். பாட்டா என்னும் காலணிப் பெயரை நம்மவர் பலர் இந்நாட்டுப் பெயர் என எண்ணுவர். அது செக் நாட்டு ஸ்லீன் நகரில் 1894-ல் தொழில் தொடங்கிய தோமாஷ் பாட்யா என்பவரது குடும்பப் பெயர். அம்மொழியிலுள்ள மென்மையான தகர ஒலி ஆங்கிலத்திலும் இல்லை, தமிழிலும் இல்லை. இருவரும் தத்தமக்கு இயன்றவாறு கூறினர். அதுவுமின்றி, நம் கொல்லிமலையையே ஆங்கிலத்தில் 'கொல்லிமலை ஹில்ஸ்' என்று எழுதுவோர் உளர். மலை என்பதன் பின் மீண்டும் ஒரு மலையை வைத்த அவர்களை நாம் நகைத்தோமில்லை. நாவின் திரிபு எல்லா நாட்டார்க்கும் பொது என்பது இவற்றால் விளங்கும்.

இரண்டாவது, கருத்தின் திரிபு. பொருள் விளங்காத பெயரொன்றைக் கேட்டால், மனம் தான் அறிந்த சொற்களுள் அதற்கு மிக அணித்தாகிய ஒன்றைப் பற்றிக்கொள்கிறது. இதில் கல்லாரினும் சிறிது ஆங்கிலம் கற்றாரே மிகுதியும் வழுக்கி வீழ்கின்றனர். லைப்பாய் என்னும் சவர்க்காரம் இங்கிலாந்தில் லீவர் சகோதரர் 1894-ல் வெளியிட்டது. அப்பெயரின் பிற்பாதி சிறுவனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் என்று கருதுவோர் பலர். உண்மையில் அது மிதவையைக் குறிப்பது. நீரில் தத்தளிப்போர்க்குக் கப்பலினின்று எறியும் உயிர்காக்கும் வளையமே அப்பெயரின் பொருள். இதில் ஒரு வியப்பும் உண்டு. மிதவையைக் குறிக்கும் அச்சொல்லை இங்கிலாந்து மக்களும் 'பாய்' என்றே உச்சரிப்பர். அமெரிக்கர்தாம் வேறாக உச்சரிப்பர். ஆகவே 'லைப்பாய்' என்று கேட்கும் மலையூர்ப் பாட்டியாரின் உச்சரிப்பு இங்கிலாந்து வழக்கோடு ஏறத்தாழ ஒத்ததே. அதற்குச் சிறுவன் என்று பொருள் உரைத்து விளக்கிய பேரனே தவறினான்.

சிங்கர் தையற்பொறிக்கும் பாடகர்க்கும் யாதொரு தொடர்பும் இல்லை. 1851-ல் அமெரிக்காவில் அப்பொறிக்கு உரிமை பெற்ற ஐசக் சிங்கர் என்பவரின் பெயர் அது. புரூக்பாண்டு தேயிலை என்றவுடன் புரூக் என ஒருவரும் பாண்டு என ஒருவரும் கூட்டாளிகளாய் இருந்தனர் என எண்ணுகிறோம். 1869-ல் மான்செஸ்டர் நகரில் கடை வைத்த ஆர்தர் புரூக் ஒருவரே உண்டு. பாண்டு என்று ஒருவரும் இருந்ததில்லை. நல்ல தேயிலையே தருவேன் என்னும் தம் வாக்குறுதியைக் குறிக்க அவர் சேர்த்துக்கொண்ட சொல் அது. ஹமாம் என்பது குளிக்கும் இடத்தைக் குறிக்கும் அரபுச் சொல். அதனை 'அமாம்' என்று கேட்டு வாங்குவோர்க்கு அது தெரியாவிடினும் குளியலில் குறைவொன்றும் இல்லை.

இவையெல்லாம் தீங்கற்றவை. ஆயினும் கருத்தின் திரிபு சிறிது தீங்கினை அணுகும் இடமும் உண்டு. நாட்டிங்காம் நகரத்து வில்லியம் உட்வர்டு என்பார் 1851-ல் குழந்தைகளுக்கெனச் செய்த 'கிரைப் வாட்டர்' நம் வீடுகள் பலவற்றில் இன்றும் உள்ளது. கிரைப் என்பது வயிற்றுப் பிடிப்பைக் குறிக்கும் சொல். அதனைக் 'கிரேப் வாட்டர்' என்று மாற்றிக்கொண்டு, திராட்சைச் சாறென்று நம்புவோர் மிகப் பலர். மருந்தென்று எண்ணுவோர் அளவறிந்து கொடுப்பர். பழச்சாறென்று எண்ணுவோர் உணவாகக் கொடுக்கவும் கூடும். பிறந்த குழந்தைக்கு ஆறு திங்கள் நிறையும்வரை தாய்ப்பாலே போதிய உணவு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. இங்கே ஓர் உயிரெழுத்து மாறியதால், வயிற்று நோவு திராட்சைக் கொத்தாக மாறிவிட்டது.

மூன்றாவது, நினைவின் மயக்கம். இதனை விளங்கிக்கொள்ள, ஒரு பெயர் பண்டத்தையே விழுங்கிவிடும் விதத்தை முதலில் அறிதல் வேண்டும். 1937-ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த டால்டா என்னும் பெயர் நாளடைவில் வனஸ்பதி நெய் அனைத்துக்கும் பொதுப்பெயராயிற்று. தாதா என்னும் இறக்குமதியாளர் பெயரின் நடுவே, லீவர் நிறுவனத்தைக் குறிக்கும் லகர மெய்யைச் செருகி அமைத்தது அது. ஜெராக்ஸ் என்பது ஒரு நிறுவனத்தின் பெயர். கிரேக்க மொழியில் உலர்ந்தது என்று பொருள்படும் சொல்லினின்று வந்தது. நமக்கோ, எந்தப் பொறியில் நகல் எடுத்தாலும் அது ஜெராக்ஸே. பெட்ரோமாக்ஸ், பெர்லின் நகரத்து மாக்ஸ் கிரேட்ஸ் என்பவரின் பெயரும் மண்ணெண்ணெயின் பெயரும் கூடி 1910-ஐ ஒட்டிப் பிறந்தது. மின்விளக்கு எட்டாத நாட்களில் ஊர்த் திருவிழாக்களில் ஒளி வீசிய காற்றழுத்த விளக்கு எவர் செய்ததாயினும் அப்பெயரே பெற்றது. தெர்மாஸ் என்னும் பெயர் அமெரிக்காவில் 1963-ல் நீதிமன்றத் தீர்ப்பினாலேயே பொதுப்பெயராயிற்று. பெயர் இவ்வாறு பொதுவானபின், ஒன்றைப் பெயர் சொல்லிக் கேட்டால் மற்றொன்று கைக்கு வருதல் எளிது.

மனிதனுடைய நினைவு பெயரை எழுத்தெழுத்தாகச் சேமித்து வைப்பதில்லை. பெயரின் தொடக்க ஒலி, அதன் ஓசையின் நீளம், உறையின் நிறம், அதன்மேல் உள்ள படம் ஆகியவற்றையே பற்றிக்கொள்கிறது. எழுத்தறியாதார்க்குப் படமே பெயர். பழைய வணிகர் இதனை நன்கறிந்தே அணில், கப்பல், கோபுரம் எனத் தம் பண்டங்களுக்குப் படக்குறி அமைத்தனர். போலிச் சரக்கு விற்போரும் இதனை நன்கறிவர். அவர்கள் நிறத்தையும் ஓசையையும் அவ்வாறே வைத்து, நடுவில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றுவர். வாங்குவோரின் நினைவில் அவ்வெழுத்து இருந்ததே இல்லையாதலின், மாறியதை அவர் அறியார்.

இதன் பொருட்டே வியாபாரக் குறிகளைக் காக்கும் சட்டங்கள் எழுந்தன. இந்நாட்டில் 1940-லும் பின்னர் 1958-லும் இயற்றிய சட்டங்களுக்குப் பிறகு, 1999-ஆம் ஆண்டுச் சட்டம் இப்பொழுது நடைமுறையில் உள்ளது. இவ்வழக்குகளை ஆராயும் நீதிபதிகள் இரு பெயர்களையும் அருகருகே வைத்து எழுத்தெண்ணிப் பார்ப்பதில்லை. சாதாரண அறிவும் நிறைவற்ற நினைவும் உடைய ஒருவர் ஒன்றை மற்றொன்றாக மயங்குவாரோ என்றே வினவுகின்றனர். அமிர்ததாரா, லட்சுமண்தாரா என்னும் இரு மருந்துப் பெயர்களைப் பற்றிய வழக்கில் 1962-ல் இந்திய உச்ச நீதிமன்றம் இந்நோக்கினையே கைக்கொண்டது. ஆகவே மறதியுள்ள எளியவரையே அளவுகோலாகக் கொண்டது சட்டம், கற்றறிந்தவரை அன்று.

தமிழ்நாட்டினின்று எழுந்த வழக்கொன்று இதனை மிகத் தெளிவாக்கும். சென்னையில் மூக்குப்பொடி வணிகம் செய்த இரு திறத்தாருள் ஒருவருடைய குறி 'ஸ்ரீ அம்பாள்' என்பது. மற்றவர் 'ஸ்ரீ ஆண்டாள்' என்னும் பெயர் அமைந்த குறியொன்றைப் பதிவு செய்ய விரும்பினார். அம்பாள் சிவபெருமானின் தேவி. ஆண்டாள் திருமாலை நயந்த ஸ்ரீவில்லிபுத்தூர்ச் செல்வி. சைவ வைணவ மரபறிந்த எவரும் இவ்விருவரையும் ஒருவராகக் கருதார். ஆயினும் 1969-ல் உச்ச நீதிமன்றம் ஆண்டாள் குறியைப் பதிவு செய்ய இடந்தரவில்லை. பொடி வாங்குவோர் அனைவரும் புராணம் கற்றவரல்லர். பிற சமயத்தாரும், எழுத்தறியாதாரும், தமிழறியாத வேற்று நாட்டாரும் அவருள் உண்டு. குறிகளைக் கண்ணால் ஒப்பிடுதலோடு செவியாலும் ஒப்பிடுதல் வேண்டும். செவிக்கு அம்பாளும் ஆண்டாளும் மிக அணியன என்பது நீதிமன்றத்தின் கருத்து. தேவியர் இருவரையும் பொருள் பிரித்து வைத்தது, ஓசை ஒன்றாக்கிவிட்டது.

மூக்குப்பொடி மாறினால் தும்மல் ஒன்று கூடும் அல்லது குறையும். மருந்து மாறினால் என் செய்வது? கொல்லிமலை இக்கேள்வியை நன்கறியும். வியாபாரக் குறியை ஆங்கிலத்தில் பிராண்டு என்பர். அச்சொல்லையே குடும்பப் பெயராக உடைய ஜெஸ்ஸி பிராண்டு, ஈவ்லின் பிராண்டு என்னும் மிஷனரி தம்பதிகள் அம்மலையில் தங்கி நோயாளர்க்குத் தொண்டாற்றினர். தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்து வேலூரில் பெரும்புகழ் பெற்ற டாக்டர் பால் பிராண்டு அவர்களுடைய மைந்தர், அம்மலையிலே வளர்ந்தவர். மலைக்காய்ச்சலின் விளைவாகத் தோன்றும் கருநீர்க் காய்ச்சலால் ஜெஸ்ஸி பிராண்டு 1929-ல் அங்கேயே உயிர் நீத்தார். ஈவ்லின் அம்மையார் முதுமையிலும் மலையூர்கள் தோறும் பணி செய்து 1974-ல் காலமானார். அக்காலத்தில் அக்காய்ச்சலுக்குப் பெருமருந்தாய் இருந்த க்வினைன், தமிழ் மக்கள் நாவில் 'கொயினா' ஆயிற்று. அதனை எவரும் நகைத்ததில்லை; மருந்தும் ஒன்றே, பெயரும் ஒன்றே ஆதலின் தீங்கும் விளைந்ததில்லை.

இன்றோ நிலைமை வேறு. ஒரே நோய்க்குப் பல மருந்துகள். ஒரே மருந்துக்குப் பல பெயர்கள். அதே மலைக்காய்ச்சலுக்குரிய ஃபால்சிகோ, ஃபால்சிடாப் என்னும் இரு மருந்துகளின் பெயர்களைக் குறித்து எழுந்த வழக்கு 2001-ல் உச்ச நீதிமன்றத்தில் ஆராயப்பட்டது. காய்ச்சலுக்குக் காரணமாகிய கிருமியின் பெயரினின்றே இரண்டும் பிறந்தன. தொடக்க ஒலிகள் ஒன்றே. ஆனால் ஒன்று ஊசிமருந்து, மற்றொன்று மாத்திரை. உள்ளிருக்கும் மருந்துப் பொருளும் வேறு. பிற பண்டங்களைவிட மருந்துப் பெயர்களில் மிகுந்த கடுமையோடு ஒப்புமையை ஆராய வேண்டும் எனவும், மருத்துவரும் மருந்து விற்போரும்கூடத் தவறுதல் இயல்பே எனவும், பல மொழிகள் வழங்குவதும் நகர்க்கும் சிற்றூர்க்கும் ஏற்றத்தாழ்வு மிக்கதுமான இந்நாட்டில் அவ்வெச்சரிக்கை இன்றியமையாதது எனவும் நீதிமன்றம் நெறிகள் வகுத்தது.

ஆயினும் நீதிமன்றம் ஒவ்வொரு கடை வாசலிலும் வந்து நில்லாது. அங்கே நிற்பவர் பாட்டியாரும் அவர் பேரனுமே. பெயரைத் திரித்தாயினும் வாய்விட்டு உரக்கச் சொல்பவர்க்கு ஒரு காவல் உண்டு. கேட்பவர், "எதற்கு மருந்து? எவருக்கு?" என்று மீண்டும் கேட்கலாம், மயக்கம் இருந்தால் அவ்விடத்தே தெளியும். பிறர் நகைப்புக்கு அஞ்சியவரோ பெயரைச் சொல்வதையே விட்டுவிடுவார்; விரலால் ஒன்றைச் சுட்டுவார், அல்லது "போன முறை வாங்கியது" என்பார்; தந்ததை வாங்கிக்கொண்டு போவார். நாவின் திரிபால் எவர்க்கும் கேடு வந்ததில்லை. அதனை நகைத்து வாயை அடைத்தலால் கேடு வரக்கூடும். தீங்கற்ற முதற்பிழையை நாம் கடிந்தால், அது தீங்குடைய மூன்றாம் பிழைக்கு வழி திறந்து விடுகிறது.

ஆதலால் நண்பர்காள்! ஊருக்குச் செல்லும்போது செய்யத்தக்கன சில உள. மருந்து வாங்குங்கால் பழைய உறையையோ மருத்துவர் எழுதிய சீட்டையோ உடன் கொண்டு செல்லுமாறு வீட்டாரைப் பழக்குக. மாத்திரைகளைக் கத்தரித்து வாங்கும்போது பெயர் அச்சிட்ட பகுதி நீங்கிவிடாமல் பார்த்துக்கொள்க. உறைமேல் வியாபாரப் பெயரேயன்றி மருந்தின் பொதுப்பெயரும், எந்நாள் வரை பயன்படும் என்பதும் அச்சிட்டிருக்கும்; அவற்றைப் படித்துத் தமிழில் எடுத்துரைத்து, இன்ன நோய்க்கு, இன்ன வேளையில் என்று பெரிய எழுத்தில் மேலே எழுதி ஒட்டுக. எழுத்தறியாதார்க்குச் சூரியனும் பிறையும் வரைந்து கொடுத்தாலும் போதும். பண்டம் வாங்குங்கால் நிறத்தையும் படத்தையும் மட்டும் நம்பாது, நடுவெழுத்தையும் நோக்குக.

நாம் கல்லூரியில் கற்ற எழுத்து பிறர் நாவைத் திருத்துதற்கன்று. அவர் கண்ணுக்குத் துணையாதற்கே. பாட்டியார் 'ஆர்லிக்ஸ்' என்றே சொல்லட்டும். தொல்காப்பியர் அவர் பக்கம் நிற்கின்றார். புட்டியின்மேல் எழுதியிருப்பதைப் படித்துச் சொல்லுதலே நம் கடன்.